மூட்டையின் இடது கை

அவருக்கு விழுவதுதான் தொழில். ஊர் ஊராகப் போய் மேடை கட்டி மல்யுத்தக் காட்சி நடத்தும் ஒரு குழுவில், இருபது வருடங்களுக்கு மேலாகத் தோற்றுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பது திரைக்குப் பின்னாலேயே முடிவாகிவிடும். ஜெயிக்கிறவன் மாறிக்கொண்டே இருப்பான். தோற்கிறவர் மட்டும் மாற மாட்டார். தூக்கிப் போட்டால் பலகை அதிர 'தொம்' என்று விழுவார். கடைசி வரிசைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். மூட்டையைப் போட்ட மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, மூட்டை என்பதே பெயராகி நிலைத்துவிட்டது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மூட்டையின் பிழைப்பு அதற்கு நேர் எதிர். மண் ஒட்டாவிட்டாலும் ஒட்டியதாகக் காட்ட வேண்டும்.

போதாக்குறைக்கு அவருக்கு முகமும் கிடையாது. ஒரே ஆள் வாராவாரம் தோற்றால் பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிடும் என்று, குழுவின் முதலாளி ஊருக்கு ஒரு முகமூடி மாட்டிவிடுவார். ஓர் ஊரில் கழுகு, அடுத்த ஊரில் எலும்புக்கூடு, இன்னொன்றில் பெயரே இல்லாத ஒரு பச்சைத் துணி. மகள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை காட்சிக்கு வந்தாள். "இதுல எங்கப்பா யாரும்மா?" என்று கேட்டாள். "கீழ கெடக்குறாரு பாரு, அவருதான்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மகள் வரவில்லை. இப்போது அவள் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஸ்போர்ட்ஸ்ல இருக்காரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அது மூட்டைக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மனைவியின் தம்பிதான் அந்தக் குழுவின் நடுவர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, மேடையில் எதிராளி தரையோடு அழுத்திவைத்திருக்கும் அக்காள் புருஷனுக்கு மூன்று எண்ணி, தோற்றதாக அறிவிப்பதுதான் அவனுடைய வேலை. "எங்கக்காவும் இப்படித்தான் மாமா, மூணு எண்றதுக்குள்ள உங்களப் படுக்க வச்சுருவா" என்று காதோரம் சொல்லுவான். முகமூடிக்குள் மூட்டை சிரிப்பது வெளியே தெரியாது.

மேடையில் நடப்பதெல்லாம் நாடகம் என்பதால் வலிக்காது என்று நினைக்கக் கூடாது. விழுவது நிஜம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் பலகையை அறைந்தபடி முதுகால் விழ வேண்டும். தாடை தூக்கியிருந்தால் பின்மண்டை போய் மோதும். அதனால் அவர்களுக்குள் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. தூக்கப்பட்டவன் தூக்கியவனின் மணிக்கட்டைப் பிடித்திருப்பான். ஒருமுறை அமுக்கினால், 'நான் தயார், போடு' என்று அர்த்தம். இருமுறை அமுக்கினால், 'வேண்டாம், மெதுவாக இறக்கு'. வாயைத் திறக்கக் கூடாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. இன்னொரு சைகையும் உண்டு. அது நடுவருடையது. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டுவிட்டால், நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைப்பார். 'இது நாடகமில்லை' என்று அர்த்தம். அந்த ஒரு சைகையோடு மட்டும் எவனும் விளையாட மாட்டான்.

ஒரு மழைக்காலக் காட்சியில் மூட்டை கொஞ்சம் கோணலாக விழுந்தார். கழுத்தில் 'சுருக்' என்றது. எழுந்தார், கும்பிட்டார், போனார். சில நாள் கழித்து இடது கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் இல்லை, எதுவுமே இல்லை. கை அசைந்தது, பிடித்தது, தூக்கியது. ஆனால் தொட்டால் மட்டும் தெரியவில்லை. சாவி விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

யாருக்கும் சொல்லாமல், வீட்டிலிருந்து தூரமான ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா சின்ன வயது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்தில் நரம்பு நசுங்கியிருப்பதைக் காட்டினாள்.

"இனிமே நீங்க விழவே கூடாது."

"விழாம வேற என்ன வேலை டாக்டர் பாக்குறது?"

"உலகத்துல எல்லாரும் விழாமத்தான் சார் வேலை பாக்குறாங்க."

மூட்டுவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் காட்சிகளிலிருந்து ஒதுங்கினார். மனைவியிடமும் அதே மூட்டுவலிதான். அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். நாள் முழுக்க நின்றே வேலை. ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கருகல் வாடை வந்தது. "ஐயோ, யாரு சட்டையோ தீயுது" என்று அவள் பதறிக்கொண்டு சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய சுண்டுவிரல் இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சுடலையா உங்களுக்கு?"

"எத்தன வருசம் கயிறு பிடிச்ச கை இது. தோல் காய்ச்சுப் போச்சு."

"தோலு காய்க்கும். இப்படியா காய்க்கும்?"

மருந்து தடவிவிட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சினிமா வந்தது.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் இயக்குநராகியிருந்தான். மல்யுத்தத்தை வைத்து ஒரு சிரிப்புப் படம். துணிக்கடை குமாஸ்தா ஒருவன் தவறான கதவைத் திறந்து மல்யுத்த மேடைக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே இருக்கும் சாம்பியன் அவனைத் தூக்கித் தூக்கிப் போடுகிறான். இதுதான் கதை. மேடையை வாடகைக்குக் கேட்க வந்த இயக்குநர், மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "சாம்பியன் இவருதான்" என்று சொல்லிவிட்டான்.

மச்சினன் வீட்டுக்கே வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, உங்க மூஞ்சி பிடிச்சுப்போச்சாம். இருபது வருசம் மூடியே வச்சதுல மெருகு குலையாம இருக்கு!"

"முகமூடி இல்லாமயா?" என்று மகள் கேட்டாள். "அப்பா ஜெயிக்கிறாரா?"

"பாதிப் படம் வரைக்கும் உங்கப்பாதான் ஜெயிக்கிறாரு. கடைசில தோக்குறது மட்டும் மெத்தையைப் போட்டு, தனித்தனியா எடுத்துக்குவாங்களாம். நான் படத்துலயும் நடுவர்தான். அங்கயாச்சும் மாமா கையைத் தூக்கிவிடலாம்."

மகள் தன் தோழிக்குப் போன் போட்டாள். அடுத்த அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "எங்கப்பா சினிமாவுல நடிக்கிறாருடி. இல்லடி, வில்லன். ஆமா, மூஞ்சி தெரியும்."

மூட்டை கூடத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். விழக் கூடாது என்றுதானே டாக்டரம்மா சொன்னாள், தூக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

படப்பிடிப்பு ஒரு காலியான பழைய கிடங்கில் நடந்தது. பணம் இல்லாத படம் என்பது வாசலிலேயே தெரிந்தது. ஒரே ஒரு கேமரா. ஆயிரம் பேர் கூடிய அரங்கம் என்று காட்ட வேண்டிய இடத்தில் முப்பது பேர். அந்த முப்பது பேரும் இடமும் சட்டையும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். இயக்குநரின் சித்தப்பா தொப்பி வைத்து ஒருவராகவும், கழற்றி இன்னொருவராகவும் கைதட்டினார். விளக்கு வாங்கவும் வழியில்லை. கிடங்கின் இரண்டு பக்கச் சுவர்களிலும் உயரத்தில் ஜன்னல்கள் இருந்தன. "கடவுள் குடுத்த லைட்டு. கரண்ட் பில் கிடையாது" என்றான் இயக்குநர்.

குமாஸ்தாவாக நடித்தவன் டிவியில் நகைச்சுவை செய்கிறவன். ஈர்க்குச்சி போல இருப்பான். டூப் போட வசதியில்லாததால் தூக்கிப் போடப்படுவதும் அவனேதான். பயந்த சுபாவம். பயத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருப்பான்.

"அண்ணே, என்னத் தூக்கும்போது எதாவது கழண்டு விழுந்தா எடுத்து வச்சுருங்கண்ணே. எல்லாமே ஒண்ணு ஒண்ணுதான் இருக்கு."

மூட்டை அவனுக்கு விழக் கற்றுக்கொடுத்தார். மணிக்கட்டுப் பேச்சையும் கற்றுக்கொடுத்தார். ஒத்திகைகளில் அவனுடைய தலை வலது கைப் பக்கம் வரும்படி தூக்கினார். அவன் அவருடைய வலது மணிக்கட்டை அமுக்குவான். அது நன்றாகவே தெரிந்தது. ஒருமுறை, இருமுறை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிரச்சினையே இல்லை என்று மூட்டை கிட்டத்தட்ட நம்பிவிட்டார்.

அந்தக் காட்சியைக் காலையில் எடுப்பதாக இருந்தது. பாழாய்ப்போன கேமரா சொதப்பி, சரிசெய்வதற்குள் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. வெயில் எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய்விட்டது.

"மாஸ்டர், ஒரு சின்ன மாத்தம்" என்றான் இயக்குநர். "ஹீரோ மூஞ்சி வெளிச்சத்துல இருக்கணும். தலையை உங்க இடது கைப் பக்கமா வர்ற மாதிரி தூக்கிருங்க. உங்களுக்கு என்ன, எந்தப் பக்கம் தூக்குனாலும் ஒண்ணுதானே?"

எல்லோரும் மூட்டையைப் பார்த்தார்கள். முகமூடி இல்லாத முகம் என்பதால், அதில் எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. ஆனாலும் ஒளித்துக்கொண்டார்.

"ஒண்ணுதான் தம்பி" என்றார்.

தூக்கினார். நடிகன் அவர் தலைக்கு மேல் இரண்டு கைகளில் குறுக்காகக் கிடந்தான். முப்பது பேரும் ஆயிரம் பேராகக் கத்தினார்கள். மூட்டை காத்திருந்தார். இடது மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. அமுக்கினானா, அமுக்கவில்லையா? மேலே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒத்திகையில் எவ்வளவு நேரம் எடுத்தானோ அவ்வளவு நேரம் ஆகிவிட்டது, அமுக்கியிருப்பான் என்று முடிவுசெய்துகொண்டு போட்டார்.

சத்தம் சரியாக இல்லை. முதுகுச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. பின்மண்டை பலகையில் மோதியது. நடிகன் எழுந்து, தள்ளாடி, கயிற்றில் போய்ச் சாய்ந்தான். அவன் தள்ளாடியதைப் பார்த்து முப்பது பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தான். நடிகன் மேடையின் ஓரத்துக்குப் போய், குனிந்து வாந்தி எடுத்தான். சிரிப்பு அடங்கியது.

தண்ணீர் குடித்துவிட்டு அவன் கேட்டான். "அண்ணே, எனக்குத் தும்மல் வந்துருச்சு, அதான் ரெண்டு தடவ அமுக்குனேன். அமுக்குனேன்லண்ணே?"

மூட்டை இடது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒரு தடவதான் தம்பி அமுக்குன."

"ரெண்டு தடவண்ணே..."

"பதட்டத்துல அப்படித் தோணும். ஒரு தடவதான்."

இருபது வருடம் மேடையில் நின்றவர் சொல்கிறார். நேற்று வந்தவன் என்ன சொல்ல முடியும்? நடிகன் தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன் போல. சாரிண்ணே" என்றான். மச்சினன் கோடு போட்ட சட்டையோடு பக்கத்தில் நின்றிருந்தான். மூட்டையின் முகத்தைப் பார்த்தான், பிறகு அவருடைய சுண்டுவிரல் தழும்பைப் பார்த்தான்.

"கேமரா ஆடிருச்சு" என்றான் இயக்குநர். "வெயில் இறங்குது. இன்னொரு டேக் போயிருவோம். முடியுமா?"

"முடியும் சார்" என்று நடிகன் எழுந்தான். மூட்டையிடம் வந்து, வாத்தியாரிடம் ஒப்பிக்கும் பிள்ளை போல, "ஒண்ணுன்னா போடலாம், ரெண்டுன்னா வேணாம். இந்தத் தடவ சரியா பண்ணிருவேண்ணே" என்றான்.

அவன் மன்னிப்புக் கேட்காமல் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மூட்டைக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுபடியும் தூக்கினார். மறுபடியும் கூட்டம் கத்தியது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. தலைக்கு மேல் ஒரு பிள்ளையின் கழுத்து இருக்கிறது, அதை அவர் ஒரு செத்த கையில் வைத்திருக்கிறார். இப்போது போட்டால் முகம் திரையில் வரும். மகள் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அமுக்கியிருப்பான். எப்படியும் அமுக்கியிருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இன்னும் ஒரு கைச் சோறுதான் போட வேண்டும்.

கைகள் நடுங்கின. வலது கை நடுங்குவது தெரிந்தது. இடது கை நடுங்குவது தெரியவில்லை.

முழங்காலை மடக்கினார். தூளியில் கிடக்கிற குழந்தையை எடுத்துத் தரையில் விடுவது போல, நடிகனை மெதுவாக இறக்கிப் பலகையில் நிறுத்தினார். அவனுடைய சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்தார், எதற்கென்று தெரியவில்லை. பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, குறுக்கே வைத்தார்.

கிடங்கே வெடித்துச் சிரித்தது. மலை மாதிரி சாம்பியன், ஈர்க்குச்சி மாதிரி குமாஸ்தாவைத் தூக்கி, பயந்துபோய்ப் பத்திரமாக இறக்கிவிட்டு, வேண்டாம் சாமி என்று சைகை காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு, கேமராவை நிறுத்தாதே என்று கையைக் காட்டினான்.

மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வந்தான். மேடையில் ஏறி, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அவனும் தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்தான். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

"நிறுத்துங்கய்யா!" என்று அவன் கத்தினான். "மாமா, யாருக்கு? யாருக்கு அடி?"

"எனக்குத்தாண்டா" என்றார் மூட்டை. பிறகு நடிகனிடம் திரும்பினார். "தம்பி, நீ ரெண்டு தடவதான் அமுக்கியிருப்ப. எனக்குத் தெரியல. இந்தக் கையில எதுவும் தெரியாது. ரொம்ப மாசமா தெரியாது."

நடிகனின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது.

"தெரிஞ்சேவா தூக்குனீங்க?"

மூட்டை தலைகுனிந்தார்.

"எனக்கு ரெண்டு வயசுல புள்ள இருக்குண்ணே." அவனிடம் வேடிக்கைப் பேச்சு எதுவும் மிச்சமில்லை. கயிற்றைத் தாண்டி இறங்கிப் போய்விட்டான். அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பார்த்ததில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். மூட்டை வாசலிலேயே நின்றிருந்தார். வெளியே வந்தவன் அவரைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மச்சினன் கேட்டான்.

"மேடையில நடுவருன்னு ஒருத்தன எதுக்கு மாமா வச்சுருக்கீங்க? கோடு போட்ட சட்டை அழகா இருக்குன்னா?"

அன்றைக்கு மூட்டை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "இஸ்திரிப் பெட்டில விரலு ஒட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். பிறகு, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா, நானும்தாங்க அதுல சேத்தி" என்றாள்.

குழுவில் விஷயம் பரவிவிட்டது. கையில் உணர்ச்சி இல்லாதவனோடு மேடையேற யாரும் தயாராக இல்லை. அதில் தப்பில்லை. இப்போது மூட்டை, சலவைக் கடையின் துணி மூட்டைகளை வலது தோளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்து வருகிறார். படத்தின் மிச்சக் காட்சிகளை, சாம்பியன் பயந்து ஓடிவிட்டான் என்று கதையை மாற்றி, அவர் இல்லாமலே முடித்துவிட்டார்கள்.

படம் ஒரு சின்னத் தியேட்டரில் வெளியானது. போக வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். மூட்டுவலி என்று மட்டுமே தெரிந்திருந்த மகள் விடவில்லை. பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. இருந்தவர்களில் அந்த முப்பது பேரில் ஒருவரும் இல்லை.

அந்தக் காட்சி வந்தது. இயக்குநர் ஓர் அங்குலம்கூட வெட்டவில்லை. முகமூடி இல்லாத முகம் திரை முழுக்க நின்றது. கண் கலங்கியிருந்தது, உதடு நடுங்கியது. நடிகனை இறக்கினார், காலரைச் சரிசெய்தார், கைகளைக் குறுக்கே தூக்கினார். பின்னணியில் கேலியாக ஓர் ஊதுகுழல் சத்தம் சேர்த்திருந்தார்கள். தியேட்டரில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். முன்வரிசையில் ஒருவன், "இந்தாளு யாருடா, செம ஆக்டிங்" என்றான்.

சிரித்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். திரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருட்டில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். திரையில் இருந்த அதே முகம்தான் பக்கத்திலும் இருந்தது.

"அப்பா... அது நடிப்பு இல்லல்ல?"

அவர் ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி அவருடைய இடது கையை இறுகப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

அவர் குனிந்து பார்த்ததை அவளும் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"பாப்பா, எந்திரி. நீ இந்தப் பக்கம் வா" என்று மகளை எழுப்பி இடம் மாற்றிக்கொண்டு, அவருக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.